எந்த வரி அருமை?

கவிதை எழுதி வாட்ஸப் குரூப்ல போட்டா என்ன நடக்கும்னு எழுதுற எல்லாருக்கும் தெரியும். ரெண்டு மூணு கைதட்டுற பொம்மை வரும், "அருமை", "செம", "வாழ்த்துகள் கவிஞரே"ன்னு வரும், அடுத்த நிமிஷமே யாரோ ஒருத்தர் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் அனுப்புவாங்க, நம்ம கவிதை மேல ஏறிப் போயிடும், அவ்ளோதான். அந்த "அருமை"யை நான் சும்மா சொல்றாங்கன்னு நினைக்கல, பாதிப் பேர் மனசாரத்தான் சொல்றாங்க. ஆனா எழுதினவங்களுக்கு அதுல எடுத்துட்டுப் போக ஒண்ணும் இல்ல. எந்த வரி பிடிச்சுது, எந்த இடத்துல கண்ணு நின்னுச்சு, எங்க தாண்டிப் போனீங்க, இது எதுவுமே தெரியாம அடுத்த கவிதையை எப்படி எழுதுறது?

நான் இருக்குற குழு சின்னது. யாரும் புத்தகம் போட்டவங்க இல்ல, மேடை ஏறினவங்களும் இல்ல. கம்பத்துல தையல் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா, விருத்தாசலம் பக்கம் ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருத்தர் (எல்லாருக்கும் அவர் ஐயாதான்), நாமக்கல்ல லாரி புக்கிங் ஆபீஸ்ல வேலை பாக்குற தம்பி, குவைத்ல நர்ஸா இருக்குற ஒரு பொண்ணு, சிவகாசியில எழுபதைத் தாண்டின ஒரு பாட்டி, இன்னும் கொஞ்சம் பேர். திங்கக்கிழமை காலையில ஐயா ஒரு ஈற்றடி, அதாவது பாட்டு முடிய வேண்டிய கடைசி அடி, குடுப்பார், வாரம் பூரா அவங்கவங்க நேரம் கிடைக்கிறப்ப அதுல முடியுற மாதிரி வெண்பா எழுதிப் போடுவாங்க, வெண்பா வராதவங்க அந்த அடியில இருந்து தோணுறதைப் புதுக்கவிதையா எழுதுவாங்க, சொந்தமா வேற ஏதாவது எழுதினாலும் போடலாம், வியாழக்கிழமை ராத்திரி அலசல். குழுவுல ஒரே ஒரு கட்டுப்பாடு, அது ஐயா வச்சது. அருமைன்னு தாராளமா சொல்லலாம், ஆனா எந்த வரி அருமைன்னு சேர்த்துச் சொல்லணும்.

கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். செஞ்சு பாருங்க, எந்த வரின்னு சொல்லணும்னா கவிதையைத் திரும்பப் படிச்சே ஆகணும், வேற வழியே இல்ல.

வெண்பான்னதும் பயப்படுறவங்க நிறைய. "வெண்பா புலவர்க்குப் புலி"ன்னு பழமொழியே இருக்கு. "காரிகை கற்றுக் கவி பாடுவதினும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேலே"ன்னு இன்னொண்ணும் உண்டு, அமிதசாகரரோட யாப்பருங்கலக்காரிகையைப் படிச்சு நொந்துபோனவர் யாரோ சொல்லியிருக்கணும். ஆனா குழுவா உக்காந்து கத்துக்கிட்டா புலி அவ்ளோ கடிக்காது. கண், வா மாதிரி வர்ற அசை நேர், மலர், கனா மாதிரி வர்றது நிரை, அசை சேர்ந்தா சீர். ரெண்டு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா மா, நிரையில முடிஞ்சா விளம், மூணு அசைச் சீர் நேர்ல முடிஞ்சா காய், நிரையில முடிஞ்சா கனி. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர், கனி வரவே கூடாது, கடைசி அடியில மூணு சீர், முடியுற சீர் நாள் மலர் காசு பிறப்புல ஒண்ணா இருக்கணும். இதுக்கு மேல எதுகை மோனை. விதி இவ்ளோதான், பழக்கத்துக்குத்தான் காலம் ஆகுது, அதுவும் காதுப் பழக்கம். ஐயா அதனாலதான் தளை தட்டுச்சுன்னா, அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் விதிப்படி சேரலன்னா, டைப் பண்ண மாட்டார், வாய்ஸ் நோட் அனுப்புவார். அந்த அடியை ரெண்டு தடவை வாசிப்பார், எங்க நாக்கு இடறுதோ அங்க கொஞ்சம் நிறுத்துவார், அவ்ளோதான், நமக்கே தெரிஞ்சுடும். வெண்பாவோட ஓசைக்குச் செப்பலோசைன்னு பேர், ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட பேசுற மாதிரி போகும்னு அவர் சொல்லுவார். போன் ஸ்கிரீன்ல நாலு சீரும் ஒரே வரியில நிக்காது, மூணாவது சீரோட மடிஞ்சு கீழ விழும், பாக்க புதுக்கவிதை மாதிரிதான் இருக்கும், கண்ணை நம்பி வெண்பா படிச்சா ஒண்ணும் பிடிபடாது. வாய்விட்டுப் படிச்சாத்தான் அடி எங்க முடியுதுன்னு தெரியும்.

கம்பம் அக்கா போன வருஷம் போட்ட ஒரு வெண்பாவை இங்க வைக்கிறேன், அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான். முதல் தடவை அவங்க போட்டப்ப முதல் அடி இப்படி இருந்துச்சு:

மொட்டை மாடியில் காயும் வடாமெல்லாம்

மீதி மூணு அடியும் சுத்தம். இதுல "மொட்டை" தேமா, மாச்சீர்ல ஒரு வகை, அதுக்கு அடுத்து நிரை வரணும், "மாடியில்" நேர்ல ஆரம்பிக்குது, தளை தட்டுது. மோனையும் இல்ல. அன்னைக்கு ராத்திரி குழுவே இதுல இறங்கிடுச்சு. தம்பி "மொட்டை மாடியை எடுத்துட்டு முற்றம் வைங்க"ன்னான், அதுக்கு எதுகை உதைக்குதுன்னு இன்னொருத்தர். குவைத் பொண்ணு "வெட்ட வெளியில்"னு குடுத்தா, அந்த ரெண்டு சீருக்கு நடுவுல தளை சரியாத்தான் இருந்துச்சு, ஆனா வெட்டவெளியில யாராவது வடாம் காயப்போடுவாங்களான்னு பாட்டி கேட்டாங்க, அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கடைசியில ஐயாதான் சொன்னார், "மொட்டையை விடாதீங்கம்மா, மாடியை விடுங்க. உங்க ஊர்ல மொட்டை வெயில்னு சொல்றதில்லையா?" அக்கா உடனே பிடிச்சுக்கிட்டாங்க, காயும்ங்கிறதை முறுகும்னு அவங்களாவே மாத்தினாங்க, மோனையும் தன்னால வந்து உக்காந்துச்சு.

மொட்டை வெயிலில் முறுகும் வடாமெல்லாம்
சட்டென்று தூறல் சரிந்துவிழ – முட்டிவலி
பாராமல் ஓடிப் பரபரத்தாள் என்னம்மா
ஈரம் படாமல் எடுத்து.

இதுல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் நின்னு பாக்கணும். முதல்ல இருந்தது இடம், மொட்டை மாடி. யாப்பு அதை விடமாட்டேன்னுச்சு. அது போனதும் வெயில் வந்துச்சு, வெயில் வந்ததாலதான் ரெண்டாவது அடியில தூறல் "சட்டென்று" சரியுறதுக்கு ஒரு எதிர் கிடைச்சுது. மாடின்னு சொல்லாமலே மாடிதான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியும், வடாம் வேற எங்க காயும்? யாப்பு கற்பனையைக் கட்டிப்போடும்னு சொல்றவங்க கூட நான் சண்டை போட மாட்டேன், ஆனா அன்னைக்கு அது ஒரு நல்ல சொல்லைத் தேட வச்சுது, தேடுறதுக்குப் பக்கத்துல ஆளும் இருந்தாங்க. வெயில் ஐயா ஒருத்தரால மட்டும் வந்ததில்ல, "வெட்ட வெளி"யை யாரும் சொல்லாம இருந்திருந்தா வெயில் பக்கம் பேச்சே திரும்பியிருக்காதுன்னு எனக்குத் தோணுது.

மறுநாள் காலையில பாட்டி பதில் போட்டாங்க. அக்காவோட வெண்பா "எடுத்து"ன்னு முடிஞ்சுதுல்ல, பாட்டி அந்தாதியா அதையே பிடிச்சு ஆரம்பிச்சிருந்தாங்க.

எடுத்த வடாமில் இருபிடி அள்ளிக்
கொடுத்து விடச்சொல்லு கொஞ்சம் – அடுத்தமழை
வந்து நனைக்குமுன் வாணலியில் போட்டெடுத்தால்
எந்தவலி யும்போம் எனக்கு.

அக்கா எழுதின முட்டிவலி பாட்டியோட காதுல விழுந்திருக்கு. வடாமை விட அந்த வலியைத்தான் அவங்க படிச்சிருக்காங்க, அவங்களுக்கும் முட்டிவலி உண்டு. இதை விட நல்ல விமர்சனம் ஒரு கவிதைக்குக் கிடைக்குமா? "உங்க கவிதையில ரெண்டாவது அடி முடிவுல தனியா நின்னு மூணாவது அடிக்குப் போற அந்தத் தனிச்சொல்தான் உயிர்"னு பத்தி பத்தியா எழுதுறதுக்குப் பதிலா, அந்த உயிரை எடுத்துத் தன் பாட்டுல வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அந்தாதி ஏழெட்டுப் பேர் கை மாறி ஓடுச்சு, "எனக்கு"ன்னு தம்பி ஆரம்பிச்சது லாரி டிரைவரோட ராத்திரி சாப்பாடு பத்திப் போயிடுச்சு, வடாம் எங்கயோ விட்டுப்போச்சு, பரவாயில்ல.

இப்படிப் பாட்டுக்குப் பாட்டாலயே பதில் சொல்றது நம்ம ஊர்ல இன்னைக்கு வந்ததில்ல. இரட்டைப் புலவர்கள் கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஒருத்தருக்குக் கண்ணு தெரியாது, இன்னொருத்தருக்கு நடக்க முடியாது, ஒருத்தர் பாதி வெண்பா சொல்ல மத்தவர் முடிப்பார்னு சொல்லுவாங்க. மதுரைப் பொற்றாமரைக் குளத்துல துணி துவைக்கிறப்ப துணி தண்ணியோட போயிடுது. அடிச்சுத் துவைக்கிறதுக்கும் தப்புறதுன்னு பேர், கையை விட்டுப் போறதும் தப்புறதுதான், அதனால நாம அதைத் தப்பினா அது நம்மளைத் தப்பாதான்னு ஒருத்தர் கேக்க, துணி போனா போகட்டும், "சொக்கலிங்கம் உண்டே துணை"ன்னு இன்னொருத்தர் முடிச்சாராம். தொலைஞ்சது துணி, முடிஞ்சது "துணை"யில, எனக்கு இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது. ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் வர்ற பாட்டு அது, ஒருத்தர் தனியா உக்காந்து எழுதியிருந்தா அந்தத் திருப்பம் வந்திருக்காது.

ஈற்றடிக் கதைன்னா பாரதியோடது. எட்டயபுரத்துல சின்ன வயசு பாரதியை மட்டம் தட்டணும்னு காந்திமதிநாதன்ங்கிறவர் "பாரதி சின்னப் பயல்"னு ஈற்றடி குடுத்தாராம். பாரதி அதே அடியை "காந்திமதி நாதனைப் பார், அதி சின்னப் பயல்"னு பிரியுற மாதிரி வெண்பாவை முடிச்சுட்டாராம், சபையே ஆடிப்போச்சாம். இதோட கதையை நிறுத்திடுறவங்கதான் ஜாஸ்தி. ஆனா அப்புறம் வயசுல மூத்தவர் மனசு நோகுமேன்னு "காந்திமதி நாதற்குப் பாரதி சின்னப் பயல்"னு மாத்திப் பாடினார்னும் சொல்லுவாங்க. எனக்கு அந்த ரெண்டாவது பாதிதான் முக்கியம். பதிலுக்குப் பதில் பாடத் தெரியுறது திறமை, பாடின அப்புறம் எதிர்ல இருக்கிறவர் முகத்தைப் பாக்கிறது வேற ஒண்ணு. போன்ல முகம் தெரியாது. அதனாலயே எங்க குழுவுல கொஞ்சம் காரமா சொல்ல வேண்டியது இருந்தா முதல்ல தனியா ஒரு போன் போட்டுடுவோம்.

பழைய அச்சுப் புத்தகங்களைப் புரட்டினா முன்னாடி பக்கம் பக்கமா சாற்றுகவி இருக்கும், சிறப்புப்பாயிரம் இருக்கும், நண்பர்கள், மாணவர்கள், பக்கத்து ஊர்ப் புலவர்னு எல்லாரும் நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து பாடியிருப்பாங்க. அது அந்தக் கால "அருமை". நிறைய ஒரே மாதிரிதான் இருக்கும், கடல், மலை, சூரியன். ஆனா ஒரு விஷயம் கவனிங்க, புகழுறதுக்கே அவங்க ஒரு விருத்தமோ வெண்பாவோ எழுத வேண்டியிருந்துச்சு. பெருவிரலால ஒரு பொம்மையைத் தட்டிட்டுப் போக முடியாது.

இன்னொரு பக்கம் 1959-ல சி.சு. செல்லப்பா ஆரம்பிச்ச "எழுத்து". அந்தப் பத்திரிகையைப் பத்திப் பேசுறப்பல்லாம் புதுக்கவிதை அங்கதான் வேர் பிடிச்சுதுன்னு சொல்லுவாங்க, அது சரிதான், ஆனா எனக்கு ஆச்சரியம் என்னன்னா அங்க கவிதையும் கவிதையைப் பத்தின வாதமும் ஒரே பக்கங்கள்ல பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சுங்கிறது. எழுதினவங்களே மத்தவங்களைப் படிச்சு எழுதினாங்க. திருகோணமலையில இருந்து தருமு சிவராமுன்னு ஒரு இருபது வயசுப் பையன் தபால்ல கவிதையும் கட்டுரையும் அனுப்புறார், பின்னாடி அவர்தான் பிரமிள். சி. மணி, வைதீஸ்வரன், நகுலன், பசுவய்யா எல்லாம் அந்தப் பக்கங்கள்ல வந்தாங்க. 1962-ல "புதுக்குரல்கள்"னு தொகுப்பும் வந்துச்சு. செல்லப்பா தன் பிரசுரங்களைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் வித்தார். ஒரு கவிதைக்குப் பதில் வர மாசம் ஆகும், தபால்காரர் வரணும், அச்சாகணும். அவ்ளோ மெதுவா இருந்தும் ஒருத்தர் சொன்னது இன்னொருத்தரை மாத்தியிருக்கு. இப்ப பத்து செகண்ட்ல பதில் வருது. வேகத்தால ஒண்ணும் கெட்டுப்போகல, பத்து செகண்ட்ல கவிதையைப் படிச்சுட்டேன்னு நினைக்கிறதுதான் கெடுக்குது. வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்னு ஐயா சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

புதுக்கவிதைக்கு வர்றேன், ஏன்னா வெண்பாவுல தப்பைக் காட்டுறது சுலபம், விதி இருக்கு. அதுக்கு இப்ப கருவியே இருக்கு, வினோத் ராஜன் செஞ்ச அவலோகிதம்னு ஒரு மென்பொருள், இணையத்துல இலவசமா கிடைக்குது, பாட்டை ஒட்டினா அசை பிரிச்சு, சீர் பேர் சொல்லி, தளை எதுன்னு காட்டி, இது என்ன பாவகைன்னும் சொல்லிடும். எங்க குழுவுல புதுசா வர்றவங்களுக்கு முதல்ல அதைத்தான் காட்டுவோம், பெரிய உபகாரம். ஐயா கிட்ட ராத்திரி பதினோரு மணிக்குத் தளை கேக்க முடியாது, அதுகிட்ட கேக்கலாம். ஆனா அது தளை தட்டுதுன்னு மட்டும்தான் சொல்லும், மொட்டை வெயில்னு சொல்லாது. புதுக்கவிதைக்கு அந்த அளவுக்குக் கூடக் கைப்பிடி கிடையாது. சரியா தப்பான்னு எதை வச்சுச் சொல்றது?

குவைத் பொண்ணு நைட் டூட்டி முடிச்சு வந்து ஒருநாள் போட்டது இது:

இரவுப் பணி
ஏழாம் எண் கட்டில் காலி
விரிப்பை மாற்றியாயிற்று
தலையணையில் மட்டும்
நீளமாய் ஒரு முடி
மரணம் எவ்வளவு கொடியது
வாழ்க்கை எவ்வளவு சிறியது

காலையில எழுந்து பாத்தப்ப வரிசையா "கண்ணீர் வரவச்சுட்ட", "மரணம் எவ்வளவு கொடியது, உண்மை"ன்னு வந்துக்கிட்டு இருந்துச்சு. வரி சொல்லணும்ங்கிற கட்டுப்பாட்டுக்கு எல்லாரும் கடைசி ரெண்டு வரியைத்தான் சொன்னாங்க, அதுதான் சொல்லச் சுலபமா இருக்கு. தம்பி மட்டும் தனியா "அக்கா, முடியோட நிறுத்திடுங்க"ன்னு எழுதினான். வேற ஒண்ணுமே எழுதல. அவனுக்கு வெண்பா சுத்தமா வராது, காய்ச்சீருக்கும் கனிச்சீருக்கும் இன்னமும் குழம்புவான், ஆனா எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியுது.

அவ ஒத்துக்கல. "நான் எழுத உக்காந்ததே அந்த ரெண்டு வரிக்காகத்தான்டா, மத்தது எல்லாம் அங்க போய்ச் சேர வழி"ன்னா. அவன் "வழி நல்லா இருக்குக்கா, போய்ச் சேர்ந்த இடம் எல்லாரும் போற இடமா இருக்கு"ன்னான். கொஞ்ச நேரம் குழு அமைதி. அப்புறம் பாட்டி ஒரு கேள்வி கேட்டாங்க, "அந்த முடியை என்னம்மா பண்ணின?" அதுக்கு அவ ரொம்ப நேரம் கழிச்சுப் பதில் போட்டா, கையில எடுத்துப் போட மனசு வராம தலையணை உறையை அப்படியே மடிச்சு லாண்டரிக் கூடையில வச்சேன்னு. அவ்ளோதான் எழுதியிருந்தா, உரைநடையில. எனக்கு அது அந்தக் கவிதையோட இன்னொரு பாதியாவே இருந்துச்சு.

தம்பி சொன்னது சரின்னுதான் நான் நினைக்கிறேன். முடியைப் பாத்தப்பவே நமக்கு எல்லாம் விளங்கிடுது, அதுக்கப்புறம் மரணம் வாழ்க்கைன்னு சொல்றப்ப நாம ஏற்கெனவே உணர்ந்ததை யாரோ திரும்ப எடுத்துச் சொல்ற மாதிரி ஆயிடுது. ஆனா அவ சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அந்த ராத்திரி அவளுக்கு அந்த ரெண்டு வரியைச் சொல்ல வேண்டியிருந்துச்சு, யார்கிட்டயாவது. கவிதைக்குத் தேவையில்லாதது எழுதின ஆளுக்குத் தேவைப்படலாம். இப்ப அவகிட்ட ரெண்டு வடிவமும் இருக்கு, அஞ்சு வரி உள்ளது ஒண்ணு, ஏழு வரி உள்ளது ஒண்ணு, யாருக்கு எதைக் காட்டுறான்னு நாங்க கேக்குறதில்ல.

தொழில்முறையா எழுதுறவங்க மத்தியில இந்த மாதிரி பேச்சு நடக்குமான்னு எனக்குச் சந்தேகம். நடக்கலாம். ஆனா எங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கு, யாருக்கும் இதனால பேரோ பணமோ வரப்போறதில்ல, அதனால ஒருத்தர் நல்லா எழுதினா இன்னொருத்தருக்கு நஷ்டம் கிடையாது. தையல் மிஷினுக்கும் லாரி ரசீதுக்கும் நடுவுல எழுதுறோம், எழுதினது நல்லா வரணும்ங்கிறதைத் தவிர வேற ஆசை இல்ல.

பேர்னு சொன்னதும் இதையும் சொல்லணும். பாட்டி எழுதின ஒரு பொங்கல் வெண்பா, குழுவை விட்டு எப்படியோ வெளிய போய், கரும்புப் படம் பானைப் படம் எல்லாம் போட்டு, அடியில வேற யாரோ ஒருத்தர் பேரோட, சுத்திச் சுத்தி பாட்டியோட பேரன் போனுக்கே வந்து சேர்ந்துச்சு. ஒரு சொல் கூட மாறல. எங்களுக்கெல்லாம் கோபம்னா கோபம், தம்பி அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறேன்னு கிளம்பிட்டான். பாட்டி மட்டும், "ஊரெல்லாம் படிச்சிருக்காங்கல்ல"ன்னாங்க. அவங்க பெருந்தன்மை அவங்களோடது, எனக்கு அவ்ளோ கிடையாது, அது திருட்டுதான். ராத்திரி முழிச்சு, கண்ணாடி மாத்தி மாத்திப் போட்டு எழுதின ஒருத்தரோட உழைப்பு அது.

அந்த வாரம் ஐயா ஒரு விஷயம் சொன்னார், நான் அதுவரைக்கும் இந்தக் கண்ணோட பாத்ததே இல்ல. சம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தோட கடைசிப் பாட்டுலயும் தன் பேரை வச்சுப் பாடுவார், திருக்கடைக்காப்புன்னு பேர். திருப்பாவையோட கடைசிப் பாட்டுல "பட்டர்பிரான் கோதை சொன்ன"ன்னு ஆண்டாள் வச்சிருக்காங்க. பக்திக்காகவோ பலன் சொல்றதுக்காகவோதான் அது வந்திருக்கும், ஆனா இன்னொரு வேலையும் செஞ்சிருக்கு பாருங்க. வாய்மொழியாவே ஊர் ஊராப் போற பாட்டு, ஓலையில யார் யாரோ படியெடுக்கிற பாட்டு, அடியில தனியா பேர் எழுதினா அது முதல் ஊர்லயே உதிர்ந்துடும். சீருக்குள்ள பேரை வச்சுத் தைச்சுட்டா? எடுக்கணும்னா யாப்பையே உடைக்கணும், உடைச்சா கேக்கிறவனுக்குத் தெரிஞ்சுடும். அந்த வாரம் எல்லாருக்கும் அதுதான் பயிற்சி, அவங்கவங்க பேர் வெண்பாவுக்குள்ள வரணும். என் பேர் தேமா, அதனால அடுத்த சீரை நிரையில ஆரம்பிக்க வேண்டியதா போச்சு, ஒரு வாரம் பூரா பஸ்ல போறப்ப நிரைச் சொல்லா தேடிக்கிட்டு இருந்தேன். குவைத் பொண்ணோட பேர் எந்தச் சீருக்குள்ளயும் அடங்கல, அவ ஊர்ப் பேரை வச்சுக்கிட்டா. கம்பம் அக்கா கடைப் பேரையே வச்சுட்டாங்க, அது காய்ச்சீர், தனிச்சொல்லா அழகா உக்காந்துச்சு.

ஒரு வருஷத்துக்கு மேல இப்படி இருந்ததுல எனக்கு நடந்த ஒரு மாற்றம், புத்தகத்துல கவிதை படிக்கிறப்பவும் இப்ப நான் எந்த வரின்னு தேடுறேன். நளவெண்பாவை எடுத்தா முன்ன கதைக்காகப் படிப்பேன், இப்ப புகழேந்தி தனிச்சொல்லை எப்படி வைக்கிறார், அதுக்கப்புறம் மூணாவது அடி எப்படித் திரும்புதுன்னு பாத்துப் பாத்து ஒரு பக்கத்துலயே நின்னுடுறேன். வெண்பாவிற் புகழேந்தின்னு சும்மா சொல்லல. அக்காவோட "முட்டிவலி"யைப் பாத்த அப்புறம்தான் அந்த இடத்தோட பலம் எனக்குத் தெரிஞ்சுது, பெரிய கவிகளைப் படிச்சு அது வரல, பக்கத்துல இருக்கிறவங்க எழுதித் திருத்துறதைப் பாத்துத்தான் வந்துச்சு.

இந்த வாரத்து ஈற்றடி தம்பி குடுத்தது, முதல் தடவையா ஐயா அவனைக் குடுக்கச் சொன்னார்:

கடைசிப்பஸ் போன பிறகு.

பாக்க சாதாரணமா இருக்கு, ஆனா கவனிங்க, "கடை"ன்னு நிரையில ஆரம்பிக்குது, அதனால மூணாவது அடி மாச்சீர்லதான் முடியணும், காய்ல முடிச்சா தட்டும். எதுகைக்கு நடை, குடை, விடை, மடை, உடைன்னு எக்கச்சக்கமா கிடக்கு, அதுவே ஆபத்து, எல்லாரும் குடையைத்தான் எடுப்பாங்க. எனக்குத் தனிச்சொல் வரைக்கும் வந்திருக்கு, அதுக்கப்புறம் பஸ் ஸ்டாண்டுல யாரை உக்கார வைக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல. படிக்கிற யாருக்காவது கை அரிச்சா எழுதி அனுப்புங்க, புதுக்கவிதையா இருந்தாலும் சரி. எந்த வரி அருமைன்னு சொல்றேன், எந்த வரி வேண்டாம்னும் சொல்றேன், வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள வந்தா ஐயா காதுலயும் போட்டுடலாம்.